ஈமக்கடனும் ராஜ்யத்தின் அதிகாரமும்

கொள்ளைநோய்க் காலத்தில் பிரஜைகளின் உயிரைக் காக்கும் பொருட்டு அவர்களுடைய நடமாட்டத்தையும் தொழிலையும், அவசியமானால் வழிபாட்டையும்கூட, அரசாங்கம் தடுத்து நிறுத்தலாம் என்பதை நியாயமறிந்த எவரும் மறுக்கமாட்டார். உயிர் நீங்கிய பின் எஞ்சும் உடலின்மீதும், அதற்குச் சுற்றத்தார் செய்யக் கடமைப்பட்ட கர்மங்களின்மீதும் அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற கேள்வி வேறு. 2020ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் அதற்கு அளித்த விடை தவறானது.

அந்நாட்டின் சுகாதார அமைப்பு அற்பமானதன்று. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், வீடு தேடிச் சென்று தாய்சேய்களைப் பேணும் மருத்துவ மாதர்களையும், ஊர் ஊராகச் சுற்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும், கட்டணமின்றி வைத்தியம் செய்யும் அரசாங்க ஆஸ்பத்திரிகளையும் கொண்டு வளர்ந்து, 2016ல் மலேரியா நீங்கிய நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றையும் பெற்ற அமைப்பு அது. அதன் பலம் கட்டிடங்களில் மட்டும் இருக்கவில்லை. காய்ச்சல் கண்டவன் அஞ்சாமல் தானே வந்து சொல்லுவான் என்ற விசுவாசத்திலே பெரும்பகுதி இருந்தது.

அந்த விசுவாசத்தின் மீதுதான் 2020 ஏப்ரல் 11ந் தேதியிட்ட அரசாங்க வர்த்தமானி கை வைத்தது. கொரோனாவால் இறந்தவர் எம்மதத்தினராயினும் உடலை எரித்தே தீரவேண்டும் என்று அது விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்பது சொல்லப்பட்ட காரணம். தொற்றுநோயால் இறந்தவரை எரித்தாக வேண்டும் என்ற எண்ணம் ஆதாரமற்றது என உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச் மாதத்திலேயே தெளிவுபடுத்தியிருந்தும், வர்த்தமானியை எதிர்த்து வந்த மனுக்களை டிசம்பர் முதல் தேதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளிவிட்டது.

இறந்தவரைப் புதைப்பதையே கடமையாகக் கொண்ட முஸ்லிம்கள் நோய்த்தடுப்புக்கு இசையாதவர்கள் என்று சொல்வதற்கில்லை. அவ்வாண்டு ரமலானில் பள்ளிவாசல்களை மூடி வீட்டிலேயே தொழுதார்கள். ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டிக் கபன் என்னும் வெள்ளைத் துணியிட்டுத் தொழுது நல்லடக்கம் செய்வது சமுதாயம் முழுவதன்மீதும் சுமத்தப்பட்ட கடமையாயினும், நிர்ப்பந்தம் நேருமிடத்துக் குளிப்பாட்டலைத் தளர்த்த அவர்களுடைய மார்க்கமே இடந்தருகிறது. எரிப்பதற்கு மட்டும் இடமில்லை. பிறந்து இருபதே நாளான சிசு ஒன்றைப் பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்தபோது, பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். பெரியோரை எரித்தாலும் பச்சிளங்குழந்தையை மண்ணுக்கே கொடுக்கும் வழக்கமுள்ள இந்துக்களாகிய நமக்கு அத்துணியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உடல் வெறும் ஜடம், அதற்கு என்ன நேர்ந்தால் என்ன என்று தத்துவம் பேசுவோர் உண்டு. உடல் ஜடமென்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு நாம் பட்ட கடன் ஜடமாகிவிடாது. இறந்தவன் கேட்கமாட்டான், கைம்மாறும் செய்யமாட்டான் என்பதனாலேயே ஈமக்கடன் கடன்களுள் தூய்மை மிக்கதாகிறது. கொள்ளைநோயின்போது அரசாங்கம் பிரஜையிடம் கேட்பதும் இதே ஜாதியைச் சேர்ந்த கடமையே: முகமறியாத ஒருவன் பிழைக்கும் பொருட்டு, அவனிடமிருந்து பிரதிபலன் எதையும் எதிர்பாராமல், உன் கூலியையும் சுதந்திரத்தையும் விட்டுக்கொடு என்கிறது. கைம்மாறு கருதாத கடமையைத் தன் மக்களிடம் யாசிக்கும் அரசாங்கம், அவர்கள் தலைமுறைதோறும் போற்றிவந்த அத்தகைய கடமையொன்றை, விஞ்ஞான ஆதாரமுமின்றி நெருப்பிலிடுமானால், தான் நிற்கும் நிலத்தையே தோண்டுகிறது. பிணம் எரிக்கப்படுமென்று அஞ்சி ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தயங்கியோர் இருந்தனர் என்று அக்காலத்தில் வெளிவந்த செய்திகள் எனக்கு வியப்பளிக்கவில்லை.

2021 பெப்ரவரி 25ந் தேதி வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச் 5 முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. தொடக்கத்தில் எந்த ஊரில் இறந்தவரையும் அந்த ஓரிடத்துக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது; மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டு, இறுதிக் கிரியையைத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டமாக்குவோம் என்றும் சொல்லியது. அடுத்த கொள்ளைநோய் வந்த பிறகு சட்டம் இயற்ற அவகாசமிராது. அதற்கு முன்னரே அந்த வாக்கை நிறைவேற்றும்படி அந்நாட்டுப் பிரதிநிதிகளை வேண்டிக்கொள்கிறேன்.