பழைய பத்திரிகை புகட்டும் பாடம்



ஒரு செய்தி காதில் விழுந்ததும், "இது எங்கே போய் முடியுமோ!" என்று மனம் ஓடத் தொடங்குகிறது. அப்படி ஓடவிடுவது விவேகமா, வீண் கலக்கமா? பழைய பத்திரிகைகள் இதற்கு நல்ல விடை சொல்லும்.

1962-ம் வருடம் பெப்ருவரித் தொடக்கத்தில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன என்ற செய்தி வந்தது. கூடியது மெய்யே. ஆனால் அதிலிருந்து பூகம்பம், பிரளயம், உலக முடிவு என்று ஜனங்கள் எண்ணத்தை நீட்டிக்கொண்டு போனார்கள். தேசமெங்கும் பீதி. குறித்த நாட்களும் வந்தன; பொழுது வழக்கம்போலவே விடிந்தது.

1979-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்றதும் நம் நாட்டிலும் பலர் நடுங்கினார்கள். ஜூலை 11-ந் தேதி அதன் துண்டுகள் இந்து மகாசமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. ஒருவருக்கும் காயமில்லை. அங்குள்ள எஸ்பெரன்ஸ் ஊராட்சியார் குப்பை போட்ட குற்றத்துக்கென்று 400 டாலர் அபராதம் விதித்தார்கள். 30 வருடம் கழித்து, 2009-ல், ஓர் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூலித்து அதைக் கட்டினார்! இப்படி முடியும் என்று முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். காடும் தோட்டமுமாயிருந்த நம் சரவணம்பட்டியில் கணினிக் கம்பெனிகள் எழும்பும் என்றுதான் 1962-ல் யார் நினைத்தார்?

நம் யோசனை எங்கே வழுக்குகிறது? "இது நடக்கலாம், நடந்தால் அதுவும் நடக்கலாம்" என்று அடுக்குகிறோம். "ஆகலாம்" என்பதைப் பத்துத் தரம் அடுக்கினாலும் அது "ஆகும்" என்று ஆகாது. அடுக்க அடுக்க நிச்சயம் குறையவே செய்யும்.

அப்படியானால் நாளையைப் பற்றி நினைக்கவே கூடாதா? அப்படியல்ல. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் விவேகமென்னும் புண்ணியத்தின் பகுதிகளாக முன்யோசனையையும் ஞாபகத்தையும் சேர்த்தே சொல்லுகிறார். மழை பொய்க்கக்கூடும் என்று கிணற்றைத் தூர்வாருகிறவன் முன்யோசனைக்காரன். இனி மழையே இல்லையென்று விதைக்காமல் திண்ணையில் குந்தியிருப்பவன் பயத்துக்கு அடிமை. முன்னவனுக்கு இன்றைக்கே செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. பின்னவனுக்கோ இருந்த வேலையும் போகிறது.

இதில் பிறனுக்கும் கேடுண்டு. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. நம் கோவை, திருப்பூர்ப் பக்கங்களில் உழைத்துப் பிழைத்த பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறினார்கள். பயம் தானாக மனதில் எழுவது பாவமல்ல; விசாரியாமல் அதை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது பிறனுக்குச் செய்யும் அநீதி.

கிரகக் கூட்டத்துக்கு உலகம் நடுங்கிய அதே 1962-ல், அக்டோபர் 11-ந் தேதி, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைத் தொடங்கிவைத்த பாப்பரசர் 23-ம் அருளப்பர், எந்நேரமும் கேட்டையே முன்னறிவிக்கிறவர்களுடன் தமக்கு உடன்பாடில்லை என்றார். அச்சங்கத்தின் பலனாகவே இன்று நாம் நம் தாய்மொழியில் பூசை காண்கிறோம்.

ஆகையால், பெற்றோரே, கலவரமான செய்தி வீட்டுக்குள் வரும்போது பிள்ளைகள் முன்னிலையில் மூன்று கேள்வி கேளுங்கள்: இது மெய்யா? இதற்காக இன்று நாம் செய்யவேண்டியது என்ன? இதைப் பரப்பினால் யாருக்கு நஷ்டம்? பிறகு செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, மற்றதை மாலை ஜெபமாலையில் தேவமாதாவின் கையில் ஒப்படையுங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு