தீர்ப்பிடுவோரின் அறியாமை

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த 16 வயதுச் சிறுவன் ஒருவன் திருட்டு வழக்கில் சிக்கினான். அவனுடைய தாய்க்குத் துணையாக நாமும் இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் சென்றோம். கேள்வி கேட்கப்பட்ட போதெல்லாம் அவன் சிரித்தான். 'இவனுக்கு மனவருத்தமே இல்லை' என்று நம் உள்ளம் தீர்ப்பு எழுதிவிட்டது. அச்சம் மிகும்போது சில பிள்ளைகள் இப்படிச் சிரிப்பதுண்டு என்பதைப் பின்னர் நன்னடத்தை அலுவலர் சொல்லித்தான் அறிந்தோம். கால் நூற்றாண்டாக ஒப்புரவு அருட்சாதனம் வழங்கி, மனித மனத்தைப் படித்துவிட்டதாக எண்ணியிருந்த நாம் நாணிப் போனோம்.

2012 டிசம்பரில் தில்லியில் இளம்பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் குற்றவாளியாகக் காணப்பட்டவர்களுள் ஒருவர் 18 வயது நிறையாதவர். நாடு கொதித்தது. அக்கொதிப்பினூடே 2015இல் நிறைவேறிய இளைஞர் நீதிச் சட்டம், 16 முதல் 18 வயதுக்குட்பட்டோர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்பட்டால், அவர்களை வயது வந்தோரைப் போல் விசாரிக்கலாமா என மதிப்பிடும் பொறுப்பை இளைஞர் நீதிக் குழுமத்திடம் ஒப்படைத்தது. அச்செயலைப் புரியும் உடல், மன ஆற்றல் அப்பிள்ளைக்கு இருந்ததா? விளைவை உணரும் திறன் இருந்ததா? எந்தச் சூழலில் அது நிகழ்ந்தது? இவற்றைக் குழுமம் ஆராய வேண்டும்.

இக்கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. சாவான பாவத்திற்குக் கனமான பொருள் மட்டும் போதாது. முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வியில் படித்தோம். குருமடத்தில் இன்னொன்றும் கற்றோம். அறியாமை இருவகைப்படும்: வெல்ல இயலாதது ஒன்று, முயன்றால் வெல்லக்கூடியது மற்றொன்று. முன்னது குற்றத்தை நீக்கும்; பின்னது நீக்காது. பிள்ளையின் அறிவை அளக்கப் புகுவோருக்கும் இந்த அளவுகோல் பொருந்துமன்றோ?

சட்டம் இதை உணராமலில்லை. ஒரு நீதித்துறை நடுவரும், குறைந்தது ஒரு பெண் உட்பட இரு சமூகப் பணியாளர்களும் அடங்கிய அக்குழுமத்தின் உறுப்பினர் அனைவருக்கும், பொறுப்பேற்ற 60 நாள்களுக்குள் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. காவல் நிலையந்தோறும் உரிய பயிற்சி பெற்ற குழந்தை நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், குழந்தை உளவியலில் தேர்ந்த உறுப்பினர் இல்லாத குழுமம் வல்லுநரின் துணையைக் கட்டாயம் நாட வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது. ஆகவே, கற்க வழியிருந்தும் கல்லாதிருப்பது வெல்லக்கூடிய அறியாமையே.

'இரக்கமுள்ள நெஞ்சம் போதாதா?' எனச் சிலர் கேட்கலாம். போதாது என்பதற்கு நம் திருச்சபையின் வரலாறே சான்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை 11ஆம் கிளமெண்ட், சிறுவர்களை முதிர்ந்த குற்றவாளிகளிடமிருந்து பிரித்துத் திருத்துவதற்காக உரோமையில் தூய மிக்கேல் இல்லத்தில் தனிச் சிறையை நிறுவினார். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அங்கே பிள்ளைகள் காலில் விலங்கோடு அமர்ந்து நூல் நூற்றனர், கசையடியும் பட்டனர். சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் கொடியவன் அல்லன், ஆராயாதவன். கோவலனின் உயிர் போவதற்கு அதுவே போதுமானதாயிற்று.

பாதிக்கப்பட்டவரின் கண்ணீருக்கு என்ன பதில்? இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட நமக்குத் துணிவில்லை. மகளை இழந்த தாயிடம், குற்றவாளியின் வயதைச் சொல்லி ஆறுதல் கூற முடியாது. எனினும், ஆராயாமல் ஒரு பிள்ளையை வளர்ந்தோரின் சிறைக்கு இட்டுச் செல்வதால் அத்தாயின் இழப்பு குறைவதில்லை. சரியாக அறிந்து வழங்கும் நீதியே அவருக்கும் நாம் செலுத்தக்கூடிய மரியாதை.

நம் பங்குகளில் வழக்கறிஞர்கள் உள்ளனர். காவல் துறையினர், ஆசிரியர்கள், சமூகப் பணி பயிலும் இளையோர் உள்ளனர். பயிற்சி வகுப்பைச் சான்றிதழுக்கான சடங்காக எண்ணாமல், மனச்சான்றின் கடமையாக ஏற்போமா? மறையுரை ஆற்றும் நாமும் இதில் மாணவரே.

அந்தச் சிறுவன் அச்சத்தால் சிரித்தான். அதை அறியாமலேயே அவனுக்குத் தீர்ப்பெழுதிய நம்மை எது மன்னிக்கும்?