வேட்டைக்கு உரிமம்

தொட்டியத்து இளைஞர் ஒருவர் அஸருக்குப் பின் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். காவிரிக் கரையில் அவர் குடும்பத்துக்கு வாழையும் சிறிது நெல்லும் உண்டு. விடியலில் சேற்று வயலில் கொக்கும் மடையானும் வந்து இறங்குகின்றன. “வேட்டை நமக்கு ஹலால்தானே ஹஜ்ரத்? உரிமம் எடுத்துவிட்டால் சுடலாமல்லவா? அதற்கு என்னென்ன வேண்டும்?” என்றார்.

இக்கேள்வியில் அரசின் அனுமதியும் மார்க்கத்தின் அனுமதியும் கலந்துள்ளன. முதலில் அரசின் அனுமதியைப் பார்ப்போம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பெறும் உரிமம் துப்பாக்கி வைத்திருப்பதற்கே, வேட்டைக்கு அன்று. வேட்டைக்கெனத் தனி உரிமம் ஒருகாலத்தில் இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கடும் நிபந்தனைகளை வகுத்தது. கொன்றவற்றுக்குக் கணக்கு வைக்க வேண்டும், தடைக் காலத்தில் வேட்டையாடலாகாது, வண்டியிலிருந்து சுடலாகாது, தனி அனுமதியின்றிக் குட்டியையோ பெண் விலங்கையோ கொல்லலாகாது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமங்களையே நீக்கிவிட்டது. இன்று தற்காப்பு, உயிருக்கும் பயிருக்கும் வரும் ஆபத்து போன்ற சில நிலைகளுக்கே சட்டம் இடம் தருகிறது. ஆபத்தான விலங்கைக் கொல்லவும் வனத்துறையின் எழுத்து மூலமான ஆணை வேண்டும். கொக்கும் மடையானும் சட்டத்தின் காப்பில் உள்ளவை. ஆகவே அவர் தேடிய உரிமம் இன்று எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

“அல்லாஹ் ஆகுமாக்கியதை அரசு தடுக்கலாமா?” என்றார் அவர். நியாயமான கேள்விதான். சிறு வயதில் மடையான் கறி உண்ட நாம், அதன் சுவையை மறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆகுமானது வேறு, கடமையானது வேறு. வேட்டையாடாமல் இருப்பதால் எவரும் பாவியாவதில்லை. பொது நன்மைக்காக அதைத் தடுக்கும் ஆணைக்குக் கட்டுப்படுவதால் மார்க்கத்தில் குறையும் நேர்வதில்லை.

மார்க்கம் தந்த அனுமதியும் வரம்பற்றதன்று. வேட்டை நாயை ஏவும்போதும் இறைநாமம் சொல்ல வேண்டும். உயிருள்ளதைக் குறிப்பொருளாக்கி எய்வதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை முற்றும் விலக்கு. குட்டிக்குப் பாலூட்டி வர விழைந்த மானுக்காக, அதைப் பிடித்த வேடனிடம் நாயகம் பிணை நின்ற வரலாற்றை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ஒரு படலமாகவே பாடியிருக்கிறார். தாயையும் குட்டியையும் காக்கும் எண்ணம் நம் வீடுகளுக்குப் புதியதன்று.

மாயிதா அத்தியாயம் இஹ்ராமின் வேட்டைத் தடையை ஒரு சோதனையாகக் காட்டுகிறது. வேட்டைப் பிராணி கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வரும். மறைவிலும் இறைவனை அஞ்சுபவர் யார் என்பது அப்போது வெளிப்படும். எட்டாத பறவையை விட்டுவிடுவதில் என்ன பெருமை?

“தம்பி, விடியலில் உங்கள் வயலில் வனத்துறையார் எவரும் நிற்கப் போவதில்லை. மடையான் மட்டும் நிற்கும். உரிமத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். கையை அடக்கிக்கொள்ள என்ன வேண்டும் என்பதே இனி உள்ள கேள்வி” என்றோம்.

அவர் பதில் சொல்லவில்லை. மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது. ஒளூச் செய்ய எழுந்து போனார்.