எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால்?

என் தமக்கையின் மகன் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறான். பத்து வருஷமாக அங்கே அவன் என்ன செய்கிறான் என்பது எனக்குப் புரிந்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "கம்ப்யூட்டர் உத்தியோகம்" என்று சொல்லி வைத்திருந்தேன். 2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவன் வந்தான். "மாமா, இன்னிக்கு ஒரு சாப்ட்வேர் போடணும். ஆபீஸிலே கூட்டம் இருக்காது. கூட வர்றீங்களா? எழுதறதுக்கு ஏதாவது கிடைக்கும்" என்றான். எழுத்தாளனை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போக இந்தக் கடைசி வாக்கியம் போதும். போனேன்.

வாசலில் பெயர் எழுதி, சீட்டு வாங்கி, இரண்டு கதவு தாண்டி உள்ளே போனோம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆளுயர அலமாரிகள் வரிசையாக நின்றன. ஓயாத இரைச்சல்; குளிர். ஓர் அலமாரியைக் காட்டி, "அதிலே நாலு பெட்டி இருக்கு பாருங்க, அந்த நாலுக்குள்ளே 240 கம்ப்யூட்டர் இருக்கு" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. விளக்கினான்.

ஒவ்வொரு பெட்டியும் ஒரு சர்வர். அதற்குள் அறுபது 'வெர்ச்சுவல் மெஷின்'கள். அவை நிஜத்தில் தனிக் கணினிகள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தனக்கென்று பிராசசர், தனக்கென்று மெமரி, தனக்கென்று டிஸ்க் இருப்பதாக அதற்கு எண்ணம். பக்கத்தில் ஐம்பத்தொன்பது பேர் அதே பெட்டியில் குடியிருப்பது அதற்குத் தெரியாது. இந்த வித்தை புதிதல்ல. 1960-களிலேயே அமெரிக்காவில், மாஸசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் பெரிய யந்திரங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர் என்ற கம்பெனி அதைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்து உலகம் முழுவதும் விற்றது.

"ஒரு பெட்டியிலே எவ்வளவு மெமரி?" என்று கேட்டேன்.

"512 ஜி.பி."

"ஒவ்வொரு மெஷினுக்கும் எவ்வளவு கொடுத்திருக்கிறாய்?"

"பதினாறு."

கல்லூரியை முடிக்காதவன் நான். ஆனால் அறுபதைப் பதினாறால் பெருக்கத் தெரியும். 960. இருப்பதோ 512.

"அடே, இது பொய் இல்லையா?" என்றேன்.

"எல்லாரும் ஒரே சமயத்திலே கேக்க மாட்டாங்க மாமா" என்றான்.

அன்று வீடு திரும்பிய பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், நம்மிடம் இல்லாததை வாக்களிக்கலாமா? இந்தக் கேள்வி கணினிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றியது.

முதலில் அவன் போட்ட சாப்ட்வேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொள்ளளவைக் கணக்கிடும் சாப்ட்வேர் அது. எந்த மெஷினுக்கு எவ்வளவு எழுதிக் கொடுத்திருக்கிறது, அது உண்மையில் எவ்வளவு புழங்குகிறது, இந்த வேகத்தில் போனால் இன்னும் எத்தனை நாளில் இடம் தீரும் என்று அது சொல்லும். நிறுவுவது பெரிய காரியமாக இல்லை. ஒரே கோப்பாக வந்தது. அதை அந்த நாலு பெட்டிகளுக்குள்ளேயே இன்னொரு மெஷினாக இறக்கினான். ஒரு முகவரி கொடுத்தான், கடிகாரத்தைச் சரிசெய்தான், கடவுச்சொல் வைத்தான். எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்றக் கூடாது என்ற அதிகாரத்தோடு அதற்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தான். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல கணக்குப்பிள்ளைக்கு அதுதான் அழகு.

அந்தக் கணக்குப்பிள்ளை சாப்பிட்டது எவ்வளவு தெரியுமா? அதுவும் 16 ஜி.பி.! பந்தியில் எத்தனை இலை என்று எண்ண வந்தவரும் ஓர் இலையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்போ எதுவும் சொல்லாது மாமா. ஒரு மாசமாவது பாக்க விடணும். மாசக் கடைசியிலே சம்பளப் பட்டியல் ஓடும், அப்போதான் நிஜம் தெரியும்" என்றான். சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது, உச்சத்தைப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடமாம். மனிதர்களுக்கும் அது பொருந்தும். ஒருவனுடைய பொறுமையை அவனுடைய சாதாரண நாட்களைக் கொண்டு கணக்கிட்டவர்கள் பின்னால் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இனி என் கேள்விக்கு வருகிறேன்.

டென்மார்க்கில் ஏ. கே. எர்லாங் என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, 1908-இல் கோப்பன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தவர். ஊரில் டெலிபோன் வைத்திருப்பவர்கள் அனைவரும் ஒரே நிமிஷத்தில் பேசுவதில்லை. ஆகவே ஆளுக்கு ஒரு தடம் போடுவது வீண். அப்படியானால் எத்தனை தடம் போட்டால், எத்தனை பேருக்கு 'இப்போது இடமில்லை' என்று சொல்ல நேரும்? 1909-இல் ஒரு கட்டுரையிலும், 1917-இல் புகழ்பெற்ற ஒரு சூத்திரத்திலும் அவர் இதற்கு வழி காட்டினார். டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் 'எர்லாங்' என்றே பெயர். மறுப்பை அவர் ஒழித்துவிடவில்லை. ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, எத்தனை என்று எண்ணிச் சொன்னார். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'உங்களுக்கு டெலிபோன் தருகிறேன்' என்று சொல்பவனைப் பொய்யன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் சென்னையில் இதற்கு எதிரிடையான உதாரணம் உண்டு. அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரப் பாங்கு 1906 அக்டோபரில் முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷம் இந்தியன் பாங்கு பிறந்ததற்கு அந்த முறிவே காரணம். எந்தப் பாங்கிலும் போட்டவர்கள் பணம் முழுவதும் பெட்டியில் இருப்பதில்லை. அதற்காக எந்த பாங்கரையும் ஜெயிலில் போடுவதில்லை. தன்னால் கொடுக்க முடியாது என்பது தனக்கே தெரிந்த பிறகும், வருகிறவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டிருப்பதுதான் குற்றம். எர்லாங்குக்கும் அர்பத்நாட்டுக்கும் உள்ள தூரம், கணக்கைப் பார்ப்பதற்கும் மறைப்பதற்கும் உள்ள தூரம் என்றே எனக்குப் படுகிறது.

கொடுப்பவனை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமாகாது. அந்த மெஷின்களுக்குப் பதினாறு வேண்டும் என்று கேட்டவர்கள் யார்? வாடிக்கைக்காரர்கள். ஆறு போதும் என்று தெரிந்தும் கேட்டிருப்பார்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடி கடிதம் எழுதி, மேலதிகாரியிடம் நின்று வாங்க வேண்டுமே என்ற பயம். கல்யாணத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள் என்றால் சமையற்காரரிடம் எழுபது என்று சொல்வோமே, அந்தப் பயம்தான். அனுபவமுள்ள சமையற்காரரும் மனசுக்குள் ஐம்பத்தைந்து என்று எழுதிக்கொள்வார்.

இந்தப் பயத்துக்கு யந்திரத்துக்குள்ளேயே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். வி.எம்.வேர் கம்பெனியில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் என்பவர் 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார். மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்பது விஷயம். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் 'பலூன்' ஒன்றை வைக்கிறார்கள். வெளியே தட்டுப்பாடு வந்ததும் பலூன் உள்ளே ஊதிக்கொள்ளும். மெஷினுக்குத் தன் இடம் சுருங்கியதாகத் தோன்றும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று அதுவே தீர்மானித்து விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டது பக்கத்து மெஷினுக்குப் போகும். வெளியாள் வந்து எதையாவது பிடுங்கிப் போவதைவிட இது எவ்வளவோ நாகரிகம். அதே கட்டுரையில் 'சும்மா இருக்கும் மெமரிக்கு வரி' என்று ஒன்றும் உண்டு. நெருக்கடி வந்தால், வாங்கிவைத்துப் புழங்காமல் இருப்பவனிடமிருந்து முதலில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாகி மாற்றாவிட்டால் வரி 75 சதவிகிதம்! பூட்டிவைத்திருப்பவனுக்கு வரி போட வேண்டும் என்று மேடைகளில் நாம் எவ்வளவோ கேட்டிருக்கிறோம். யந்திரம் சத்தமில்லாமல் வசூல் செய்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு தெரிந்ததும் என் மனம் சமாதானம் ஆகியிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் அவன் மறுபடி வந்தான். முகம் சரியாக இல்லை.

சாப்ட்வேர் பேசிவிட்டதாம். நாலு பெட்டிக்கும் சேர்த்து மெமரி 2048 ஜி.பி. ஒரு பெட்டி கெட்டுப்போனால் அதிலுள்ள அறுபது மெஷின்களும் மற்ற மூன்றில் எழுந்திருக்க வேண்டும். அதற்காகக் கால் பங்கை, அதாவது 25 சதவிகிதத்தை, ஒதுக்கிவைப்பது ஏற்பாடு. மிச்சம் 1536. பிப்ரவரிக் கடைசியில் உச்சம் 1590-க்குப் போய்விட்டது. 'மீதமுள்ள நாட்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் நிற்கிறது, சிவப்பு எழுத்தில்.

"மானேஜர் என்ன சொன்னார்?"

"அந்த இருபத்தஞ்சைப் பூஜ்யமாக்கிடுன்னார். ஆக்கிப் பாத்தேன் மாமா. 140 நாள்னு பச்சையிலே காட்டுது. ஏப்ரல்லே புது வாடிக்கை வருது, புதுப் பெட்டி வாங்க ஜூலை ஆகும். அதுவரைக்கும்தானேங்கிறார்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணாவது பெட்டியிலே ஒரு ஆஸ்பத்திரியோட மருந்துச் சீட்டெல்லாம் இருக்கு" என்றான்.

அந்த மானேஜரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி கெடாமலே ஜூலை வந்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். என்ன செய்வது என்று என்னைக் கேட்டான். உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2022-இல் மூன்று பத்திரிகைகளின் தீபாவளி மலருக்கு நான் கதை ஒப்புக்கொண்டேன். ஒரு மலராவது தள்ளிப்போகும், ஒருவராவது மறந்துவிடுவார் என்பது என் கணக்கு. புரட்டாசியில் ஒரே வாரத்தில் மூவரும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒன்றரைக் கதை. மூன்றாவது ஆசிரியர் டெலிபோனில் கேட்டபோது, "முடிந்துவிட்டது, நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவர் நம்பி எட்டுப் பக்கம் ஒதுக்கிவைத்தார். கடைசியில் அந்தப் பக்கங்களை எதைக்கொண்டு நிரப்பினார் என்று பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அந்த மலரை நான் வாங்கவே இல்லை. மூவருக்கும் ஒப்புக்கொண்டதற்காக நான் அவ்வளவாக வெட்கப்படவில்லை. முடியாது என்று தெரிந்த பிறகு டெலிபோனில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் வேறு யாரிடமாவது கதை வாங்கியிருப்பார்.

இதை அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "எண்ணை மாற்றுவது மானேஜரின் உரிமை. ஆனால் யாருக்கும் தெரியாமல் மாற்றாதே. ஒரு பெட்டி கெட்டால் எந்தெந்த மெஷின் எழுந்திருக்காது என்று பட்டியல் எழுதிக் கொடு. அதைப் படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டால், மாற்று" என்றேன்.

எழுதிக் கொடுத்தான். மானேஜர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் கூப்பிட்டு, ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்காமல் பதினைந்தாகக் குறைத்தார். தம் பெயரிலேயே குறைத்தார். ஆஸ்பத்திரி மெஷின்களுக்கு மெமரியை நிச்சயமாக ஒதுக்கி, கெட்டால் முதலில் எழ வேண்டியவை அவை என்று குறித்தார்கள். மற்ற வாடிக்கைக்காரர்களுக்கு ஜூலை வரை இந்த நிலைமை என்று கடிதம் போயிற்று. புழங்காத மெமரியைத் திருப்பிக் கொடுக்கச் சிலர் அவர்களாகவே முன்வந்தார்கள். புது வாடிக்கை ஒரு மாதம் பொறுக்கச் சம்மதித்தது. அந்த வருஷச் சம்பள உயர்வில் என் தமக்கை மகனுக்கு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று அவனும் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. ஜூலை வரை பெட்டி எதுவும் கெடவும் இல்லை. ஆகவே அவன் செய்தது சரியா என்பதை, நடந்ததை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது.

சரி என்றே நான் நினைக்கிறேன். இருப்பதற்கு மேல் வாக்களிக்காமல் உலகத்தில் எந்தக் காரியமும் நடப்பதில்லை. தாய் மூன்று குழந்தைகளிடமும் 'உனக்குத்தான் கதை சொல்வேன்' என்கிறாள். நாமும் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நண்பர்களுக்கும் ஒரே மாலை நேரத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் பாவமில்லை. ஆனால் அப்படி வாக்களிப்பவன் அடிக்கடி கணக்கைப் பார்க்கக் கடமைப்பட்டவன். பார்த்த கணக்கு சிவப்பாக இருந்தால், அதை நம்பியிருப்பவர்களுக்குச் சொல்லவும் கடமைப்பட்டவன்.

2024 ஆடியில் தீபாவளி மலர்களுக்காக இரண்டு ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். காலண்டரை எடுத்து நாட்களை எண்ணினேன். ஒருவருக்குச் சரி என்று எழுதினேன். மற்றவருக்கு, இந்த வருஷம் முடியாது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். அந்த மற்றவர், 2022-இல் எட்டுப் பக்கம் ஒதுக்கிவைத்தாரே, அவர்தான். அவருக்குக் கொடுத்து மற்றவரை மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கடிதம் இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.