ஒரு மூச்சின் நியாயம்

அக்கா மகன் விடுமுறையில் வந்திருந்தான். கலிபோர்னியாவில் ஸான் டியாகோ என்ற கடற்கரை ஊரில் அவனுக்கு உத்தியோகம். வந்த மறுநாள் மத்தியானம் நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிர மீன் குழம்பு. ஒரு துண்டை இலையில் தள்ளி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு, "மாமா, இந்த மீன் எப்படிச் செத்தது?" என்று கேட்டான்.

"சாப்பிடுகிற இடத்தில் இதென்ன பேச்சு? ஆறிப் போவதற்குள் சாப்பிடு" என்றாள் என் மனைவி.

"சும்மாதான் அத்தை கேட்டேன்" என்று சிரித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டான். சைவமாகிவிட்டானோ என்று பயந்தவளுக்கு அதில் நிம்மதி. எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலாக மீன் தின்கிறவன் நான். அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அங்கே அவன் ஈட்டி மீன்பிடிப்புக் கற்றுக்கொண்டிருக்கிறான். படகில் உட்கார்ந்து எறிகிற ஈட்டி அல்ல. மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, மீனின் எதிரிலே போய், ரப்பர் பட்டையின் விசையால் பாயும் ஈட்டியை விடுவது. காற்றுக்குப்பி முதுகில் கிடையாது. உள்ளே இழுத்த ஒரு மூச்சு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரந்தான் வேட்டை.

அந்தக் கடல் நம் கடல் மாதிரி இல்லை. வடக்கேயிருந்து குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி இறங்கி வருகிறது. போதாதென்று காற்று மேல்நீரை அப்பால் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் அதன் இடத்துக்கு மேலே வருகிறது. குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 14 டிகிரி சென்டிகிரேட் அளவில் நிற்கும். நம் மார்கழிக் குளத்து நீர் அதற்கு முன்னால் வெந்நீர். அந்தக் குளிரில்தான் கெல்ப் என்ற ராட்சதக் கடற்பாசி காடாக வளர்கிறது. சௌகரியமான நாட்களில் ஒரே நாளில் இரண்டு அடி கூட வளருமாம். அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு, மேலே நீர்ப்பரப்பில் கூரை வேய்ந்தது போல் படர்ந்து கிடக்கும். அதன் ஊடே வெயில் தூண் தூணாக இறங்கும். "கோவில் பிரகாரம் மாதிரி இருக்கும் மாமா" என்றான்.

உடம்பை ஒட்டிய ரப்பர்ச் சட்டை. அதற்குள் புகுகிற கொஞ்சம் நீரை உடம்பே சூடாக்கி வைத்துக்கொள்ளும். 1950களின் தொடக்கத்தில் ஹ்யூ பிராட்னர் என்ற பௌதிக விஞ்ஞானி கண்ட உபாயம் அது. சட்டை மேலே மிதக்கப் பார்க்குமாதலால் இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டை. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டதும் நெஞ்சு தானாகவே மெல்ல அடிக்கத் தொடங்குகிறது. உடம்பு சிக்கனத்துக்குத் தயாராகிறது.

இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. மூச்சு முட்டுகிற உணர்வு, பிராணவாயு குறைவதால் வருவதல்ல. கரியமில வாயு சேருவதால் வருவது. மூழ்குமுன் வேக வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டால் அந்த எச்சரிக்கை வெகு தாமதமாக வரும், வராமலும் போகும். ஆள் சுகமாகவே இருப்பான். மேலே ஏறி வரும்போது, வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், திடீரென்று நினைவு தப்பிவிடும். அதனால்தான் இருவராகப் போகவேண்டும். ஒருவன் மூழ்கினால் மற்றவன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது முதல் பாடம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் தன் வாதத்துக்கு வந்தான். "நான் தின்கிற மீனை நானே கொல்கிறேன். அதன் முகத்தைப் பார்த்துக் கொல்கிறேன். ஒன்றே ஒன்று. என் உயிரையும் கொஞ்சம் பணயம் வைக்கிறேன். நீங்கள் காசு கொடுத்து வேறொருவரைக் கொல்லச் சொல்கிறீர்கள். வலையில் எது எது சிக்கியது, எதை எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எது மாமா சுத்தமான பாவம்?"

சுத்தமான பாவம்! அந்தச் சொற்சேர்க்கை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவனுக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"வலை போடுகிறவன் பிழைப்புக்காகப் போடுகிறான். உனக்கென்ன, சம்பளம் இல்லையா, கடையில் மீன் இல்லையா? நீ சந்தோஷத்துக்காகக் கொல்கிறாய். பார்க்காமல் தேவைக்குக் கொல்கிறவன் மேலா, பார்த்துக்கொண்டே தேவையில்லாமல் கொல்கிறவன் மேலா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. என்னாலும் அதற்கு மேல் வெற்றி கொண்டாட முடியவில்லை. வலை போடுகிறவனின் தேவை அவனுடையது. அதை நான் என் தற்காப்புக்கு எடுத்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? எனக்கும் வஞ்சிரம் தேவையில்லை. ருசிதான்.

அன்றிரவு தூக்கம் வராமல் அவனுடைய 'ஒரு மூச்சு' நியாயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு முன்னோடிகள் உண்டு. 1933-ஆம் ஆண்டில் அதே ஸான் டியாகோவில் 'பாட்டம் ஸ்க்ராச்சர்ஸ்' என்று ஒரு சிறு சங்கம் தோன்றியது. கடலடியைப் பிறாண்டுகிறவர்கள் என்று பொருள். ரப்பர்ச் சட்டை வருவதற்கு முந்திய காலம். தாங்களே செய்துகொண்ட கருவிகளோடு அந்தக் குளிரில் மூழ்கினார்கள். சங்கத்தில் சேர விரும்புகிறவன் 30 அடி ஆழத்திலிருந்து, ஒரே மூச்சில், பாறையைக் கவ்விக் கிடக்கும் அபலோன் சிப்பிகள் மூன்றைப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டும். பிரான்ஸ், இத்தாலி போன்ற தேசங்களில் காற்றுக்குப்பியோடு ஈட்டி மீன்பிடிப்பது சட்டப்படியே கூடாது. மனிதன் தன் மூச்சின் அளவோடு நின்றால் மீனுக்கும் தப்ப ஒரு வழி இருக்கும் என்ற எண்ணம்.

நல்ல எண்ணந்தான். ஆனால் அக்கா மகனே பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அங்கே எல்லோரும் ஆசைப்படுகிற மீன் ஒன்று. நம் கத்தாளை இனத்தைச் சேர்ந்தது. கத்தாளை போலவே கூட்டமாகக் கத்தும். மூழ்கிக் கிடப்பவனுக்கு அந்த ஓசை கேட்கும். அந்த மீன் காற்றுக்குப்பியிலிருந்து வரும் குமிழிகளின் சத்தம் கேட்டால் ஓடிவிடுமாம். சத்தமில்லாமல் மூச்சடக்கி வருபவனிடந்தான் அகப்படும். அப்படியானால் அவனுடைய விரதம் மீனுக்குக் காட்டும் தாட்சணியமா, மீனை ஏமாற்றும் தந்திரமா? இரண்டுந்தான். நம்முடைய பல விரதங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

இன்னும் ஒரு படி போய்ப் பார்த்தேன். சமமான போட்டி என்று நாம் சொல்கிறோம். போட்டியென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு இறங்க வேண்டும். மீன் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது? அவன் ஒரு மூச்சில் வந்தானா, பத்து மூச்சில் வந்தானா என்று ஈட்டி பாய்ந்த மீனுக்கு என்ன கவலை? நியாயமான வேட்டை என்பது வேடனின் மனத்துக்குள் நடக்கிற காரியம். அதில் மதிப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது மீனுக்குச் செய்த உபகாரம் அல்ல. தனக்குத் தானே செய்துகொண்ட மரியாதை.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, ஒன்று சொல்ல விட்டுப் போய்விட்டது" என்றான்.

அந்தக் கடலில் ராட்சதக் கடற்பாஸ் என்று ஒரு மீன் உண்டு. நம் ஊர்க் களவாவை எருமை அளவுக்கு வளர்த்துவிட்டது போன்ற உருவம். 200 கிலோவுக்கு மேலும் நிறை வரும். 70 வயதுக்கு மேல் வாழும். குட்டி போடும் பருவத்துக்கு அல்ல, முட்டையிடும் பருவத்துக்கு வரவே அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகிவிடும். அதனிடம் ஒரு குணம்: மனிதனைக் கண்டால் ஓடாது. என்னவென்று பார்ப்பதற்குப் பக்கத்தில் வரும். அந்த அளவு பெரிய மீன் வளர்ந்த பிறகு யாருக்குப் பயப்பட வேண்டும்? பயம் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

1930களிலேயே வலையும் தூண்டிலும் அந்த இனத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. மிஞ்சியதில் ஒரு பங்கைப் பிற்பாடு ஈட்டிக்காரர்கள் எடுத்தார்கள். ஒரே மூச்சில் மூழ்கிய வீரர்கள், மலை போன்ற மீனின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பொய் வீரர்கள் அல்ல. குளிரும் ஆழமும் நிஜம். ஆனால் எதிரில் வந்தது எதிரி அல்ல. வேடிக்கை பார்க்க வந்த ஒரு ஜீவன். 1982 முதல் கலிபோர்னியாவில் அதைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சங்கத்தார் மூழ்கிப் பழகிய லா ஹோயாக் குடாவிலோ ஒரு சிப்பியைக்கூட எடுக்க அனுமதி இல்லை. அந்தப் பெரிய மீன் இப்போது மறுபடி ஒன்றிரண்டாகக் கண்ணில் படுகிறதாம்.

"போன வருஷம், தடையில்லாத பகுதியில், கெல்ப் காட்டுக்குள் இறங்கியிருந்தேன்" என்றான் அவன். "விசை ஏற்றிய ஈட்டி கையில். இடப்பக்கம் இருட்டியது. திரும்பினால் அந்த மீன். கை நீட்டினால் தொடலாம். அதன் கண் உருண்டு என்னைப் பார்த்தது. எனக்கு மூச்சு முடியப் போகிறது. அது நகரவில்லை. நான் மேலே வந்துவிட்டேன்."

"நல்ல காரியம் செய்தாய்" என்றேன்.

"இல்லை மாமா. சட்டம் இருக்கிறதே! மாட்டிக்கொண்டால் அபராதம். அந்தச் சட்டம் மட்டும் இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அன்றைக்கிருந்து யோசிக்கிறேன். தெரியவில்லை. அதனால்தான் யாரைப் பார்த்தாலும் மீன் எப்படிச் செத்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

முதல் நாள் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவன் என்று நான் நினைத்தது தப்பு. கூண்டில் எனக்கு முன்பே அவன் நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. ஈட்டியின் பெருமை கொல்வதில் இல்லை. வலையும் கொல்கிறது; வலைதான் கெட்டிக்காரத்தனமாகக் கொல்கிறது. வலைக்கு முடியாத ஒன்று ஈட்டிக்கு முடியும்: வேண்டாம் என்று இருக்க முடியும். ஈட்டிக்காரன் இது சிறிசு, இது அருகிவிட்ட இனம், இன்றைக்கு வீட்டுக்கு இவ்வளவு போதும் என்று கடைசி நொடியில் கையை இறக்கலாம். ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர் 1965-இல் ஈட்டி மீன்பிடிப்பில் உலகச் சாம்பியன். அவரும் அவர் மனைவி வாலரியும் பிற்பாடு ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு அதே மீன்களிடம் போனார்கள். எல்லோரும் அப்படி ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் அத்தனை காலம் மீனின் முகத்தைப் பார்த்தவர்கள். பார்த்ததனால்தான் நிறுத்தவும் முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் பார்ப்பதே நம்மை நல்லவர்களாக்கிவிடுமா? அதுவும் இல்லை. போட்டோவில் நின்றவர்களும் பார்த்தவர்கள்தானே? பார்வை ஒரு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான். பார்க்காதவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சட்டம் நம் கையைப் பிடித்து நிறுத்துகிறவரை நமக்கு நம்மைத் தெரியாது. சட்டம் நிறுத்திய பிறகும், என் அக்கா மகனைப் போல, அது இல்லாதிருந்தால் நான் யார் என்று கேட்டுக்கொள்கிறவன் பாதி வழி வந்துவிட்டவன். நான் அந்தப் பாதி வழியும் வராதவன்.

அவன் ஊருக்குப் போன மறுநாள் மீன்காரம்மா வந்தாள். கூடையை இறக்கினாள். வஞ்சிரம் இருந்தது. "ஏம்மா, இது எப்படிச் செத்தது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன சாமி கேக்கறீங்க? தண்ணிய விட்டு வெளிய எடுத்தா சாவாம என்ன செய்யும்? ராத்திரி ரெண்டு மணிக்குப் போன போட்டு. காத்து பலமா இருந்துச்சுன்னு எம் பையன் இப்பத்தான் கரைக்கு வந்தான்" என்றாள்.

மீன் எப்படிச் செத்தது என்று கேட்டேன். அதைப் பிடிக்க யார் போய்வந்தார்கள் என்ற பதிலும் சேர்ந்து வந்தது. அதையும் நான் அதுவரை கேட்டதில்லை.

வாங்காமல் திரும்பிவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். ஆனால் வாங்கினேன். வழக்கமாக வாங்குவதில் பாதி வாங்கினேன், பேரம் பேசவில்லை. சாயந்தரம் இலையில் உட்கார்ந்தபோது என் மனைவி, "இன்றைக்கென்ன இவ்வளவு கொஞ்சம்?" என்று கேட்டாள்.

"போதும்" என்றேன். அந்தச் சொல்லை மீன் விஷயத்தில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.