இடையில் நிற்பவர்

ஆரோவில்லில் தண்ணீர் இறைக்க நிறுவிய காற்றாலைகளைக் கண்டவர்கள் சக்கரத்தையே வியப்பார்கள். சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் கிராங்க்கையும், அந்த அசைவைக் கிணற்றுப் பம்புக்குக் கொண்டு செல்லும் தண்டையும் யார் நினைக்கிறார்கள்? தண்டு முறிந்தால் மேலே காற்று வீசும், கீழே நீர் கிடக்கும். பயிர் மட்டும் வாடும்.

அந்தத் தண்டைப் போன்ற ஒருவரைக் காஞ்சியை அடுத்த ஓரிக்கையின் கதையில் காண்கிறோம். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தினான். சீடனுடன் கிளம்பிய திருமழிசையாழ்வார் அழைக்கவே, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அங்கே ஓரிரவு தங்கினாராம். சீடனின் துயரம் இறைவனை எட்டியது, நடுவே ஒருவர் நின்றதால்.

நம்மிடையே செல்வமும் உண்டு, தேவையும் உண்டு. இடையில் நின்று தேய்வதற்குத்தான் ஆள் இல்லை. தேய்பவனை ஏமாளி என்கிறோமே, அது நியாயமா?