நெஞ்சு நோவும் நெஞ்சின் அச்சமும்

உடம்புக்கு வந்த நோவை வைத்தியரிடம் காட்டலாம். அவர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் மனத்தை விட்டுப் போகாத பயத்தை எவரிடம் காட்டுவது? ஆங் மோ கியோவில் கடை வைத்திருக்கும் நம்மவர் நாலு பேர் கூடிப் பேசும்போது இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. ஆகவே இதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் தொழில் எப்படிப்பட்டது என்பது யாவரும் அறிந்ததே. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காலையில் கடைக்கதவைத் தூக்குவது முதல் இரவில் இறக்குவது வரை நின்றே பொழுது போகிறது. அரிசி மூட்டையும் எண்ணெய்ப் பெட்டியும் தூக்கும் வயது கடந்தும் தூக்கவேண்டியிருக்கிறது. இப்படியிருக்க, ஒருநாள் மார்பில் வலி கண்டால் நம்மில் இரண்டு விதமானவர்களைக் காண்கிறோம். ஒருவர், "வெறும் வாயு" என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார். மற்றவர் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகும், மாதக்கணக்கில் கையை மார்பிலிருந்து எடுப்பதில்லை.

முந்தியவருக்கு முதலில் சொல்லவேண்டும். 52 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து 2007-ல் வெளியான கணக்குப்படி, முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியருக்கு 53. மற்ற நாட்டாருக்கு 58.8. நாற்பதைக் கடந்த நாம் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. நெஞ்சை அமுக்குவது போன்ற பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகிய இவை கண்டால் உடனே 995-க்குச் சொல்லி ஆம்புலன்ஸை வரவழைக்கவேண்டும். வாடிக்கைக்காரர் போகட்டும் என்று காத்திருக்கலாகாது. நீரிழிவுள்ளவருக்கு வலி குறைவாகவே தெரியவுங்கூடும். உடல் இறைவன் தந்த அமானிதம். அதைக் காட்டிப் பரிசோதிப்பது கோழைத்தனமல்ல, கடமை.

ஆனால் நாள்பட்ட நெஞ்சு நோவெல்லாம் இதய நோவல்ல. விலா எலும்புகள் நடு மார்பெலும்போடு சேருமிடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது. பாரம் தூக்குவதாலும், விடாத இருமலாலும், சில சமயம் காரணம் தெரியாமலும் அது நொந்துபோகும். விரலால் அழுத்தினால் வலிக்கும். உடம்பைத் திருப்பினாலும் ஆழமாக மூச்சு இழுத்தாலும் வலிக்கும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்துத் தானே தணியும். எனினும், அழுத்தினால் வலிக்கிறது என்பதைக்கொண்டு நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாகாது. ஆங் மோ கியோ பலதுறை மருந்தகத்திலோ வேறிடத்திலோ டாக்டர் பரிசோதித்து, தேவையானால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டாமவருக்குத் தொல்லை அதற்குப் பின்புதான் தொடங்குகிறது. பரிசோதனையில் குறையில்லை, வலியோ போகவில்லை. "டாக்டர் கவனிக்காமல் விட்டிருந்தால்?" என்று மனம் கேட்கிறது. நாளைக்கு இருபது தடவை அந்த இடத்தை அழுத்திப் பார்க்கிறார். அழுத்த அழுத்த அது ஆறாமல் நோகிறது. பயத்தால் மார்புத் தசை இறுகுகிறது, மூச்சு வேகமாகிறது, இதயம் படபடக்கிறது. அந்தப் படபடப்பே நோய்க்குப் புதிய சாட்சியாகிவிடுகிறது.

இது கோழைகளின் வியாதி என்று எண்ணவேண்டாம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு என்று வந்தார்கள். அவர்களை ஆராய்ந்த டாக்டர் டா கோஸ்டா 1871-ல் எழுதினார். அநேகரிடம் இதய நோயின் அடையாளம் காணப்படவில்லை. பீரங்கிக்கு முன் நின்றவர்கள் அவர்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, ஹிஜ்ரி 488-ல் (1095), பக்தாதில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நாவு கட்டிக்கொண்டது; உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்தில் தோன்றி உடலில் இறங்கியது, உள்ளத்தின் கவலை தீர்ந்தாலன்றி மருந்தில்லை என்று ஹக்கீம்கள் கைவிட்டதை இமாமவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கவலை வேறு. அது மறுமையைப் பற்றியது. ஆனாலும் உள்ளத்தின் பாரத்தை உடல் சுமக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பயப்படுவது குற்றமா? இல்லை. தானாக வரும் பயத்துக்கு எவரும் பொறுப்பாளியல்லர். ஆனால் பயம் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால், கொடுக்கப்படுவது நம்முடையது மட்டுமல்ல. மனைவியின் தூக்கமும், பிள்ளைகளோடு இருக்கவேண்டிய நேரமும், கடைப்பையனின் ஓய்வு நாளும் அதோடு போகின்றன. தொழுகையில் நிற்கும்போதுகூட மனம் நாடித்துடிப்பை எண்ணுகிறது. இவையெல்லாம் பிறருக்குரிய ஹக்கு அல்லவா?

"நிச்சயம் தெரிந்தால்தானே நிம்மதி" என்பார்கள். டாக்டரும் மனிதரே, தவறலாம். ஆனால் வியாபாரிகளான நாம் நிச்சயம் கண்டா கடன் கொடுக்கிறோம்? ஆளை விசாரிக்கிறோம், பழைய கணக்கைப் பார்க்கிறோம், கொடுக்கிறோம். கொடுத்தபின் நாள்தோறும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதை யாரும் ஜாக்கிரதை என்று சொல்லமாட்டார்கள்.

ஆகவே எல்லை இது: புதிய அடையாளம் கண்டாலும் வலி முற்றினாலும் தாமதமின்றிப் போவது, பழைய வலியே என்றால் டாக்டர் குறித்த தவணைவரை பொறுத்திருப்பது. 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். வீட்டில் மருந்து சேமித்துவைப்பதுபோல், மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்துவைக்கச் சொன்னார். டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வைத்துக்கொள்வதும் அப்படியொரு சேமிப்புதான். அதுவும் போதாமல் பயம் வாழ்க்கையை அரித்தால், அந்தப் பயத்தையே டாக்டரிடம் சொல்லவேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு, அதில் வெட்கமில்லை.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேலி செய்யாதீர்கள். வலி பொய்யல்ல, பயமும் பொய்யல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைப் பொறுமையாக நினைவூட்டுங்கள்.

ஹயாத்தின் அளவு நம் கையில் இல்லை. இருக்கும் நாளை எப்படிக் கழிப்பது என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் மன அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.